உப்புவெளியில் ஏசி சத்தத்தைக் குறைத்த கதை

கச்சான் காற்று வீசத் தொடங்கினால் திருகோணமலையில் இரவிலும் சுவர் சுடும். அந்த மாதங்களில் ஏசி இல்லாமல் அம்மாவுக்கு நித்திரை இல்லை. வீடு உப்புவெளியில், கடலுக்குக் கிட்ட. 12,000 பிடியூ (குளிரூட்டும் திறனின் அளவு) இன்வேர்ட்டர் ஸ்பிளிட் ஏசியைச் சில வருடங்களாகப் பாவிக்கிறோம். குளிருக்கு ஒரு குறையும் இல்லை, சத்தம்தான் பெரும்பாடாக இருந்தது.

பூட்ட வந்தவர்கள் வெளி யூனிட்டை அம்மாவின் தலைமாட்டுச் சுவரிலேயே பிராக்கெட் அடித்து மாட்டியிருந்தார்கள். முற்றத்தில் நின்று கேட்டால் பெரிதாக ஒன்றும் இல்லை. உள்ளே கட்டிலில் படுத்தால்தான் ஒரே உறுமல். சுவரில் கை வைத்தால் அதிர்வது தெரியும். கம்பிரசரின் நடுக்கம் பிராக்கெட் வழியாகச் சுவருக்குள் இறங்கி, சுவர் மேளத்தோல் மாதிரி அதிர்ந்து ஒலிக்கிறது. இப்படிப்பட்ட சத்தத்துக்கு ஜன்னலில் தடித்த திரை போட்டுப் பிரயோசனமில்லை. அது காற்று வழியாக வருவது அல்லவே.

ஆகவே யூனிட்டை நிலத்துக்கு இறக்கினோம். வீட்டு அத்திவாரத்தைத் தொடாமல் தனியாக ஒரு சீமெந்துத் தளம், நான்கு காலுக்கும் தடித்த றப்பர். செப்புக் குழாய் சுவரைத் தொடும் இடங்களிலும் றப்பர் வைத்தோம், இல்லாவிட்டால் அதே நடுக்கம் அந்த வழியால் உள்ளே வந்துவிடும். குழாயைக் கழற்றுமுன் காஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைக்க வேண்டும், திரும்பப் பூட்டியதும் வாக்குவம் போட வேண்டும், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சி எடுக்க வேண்டும். அதெல்லாம் தேவையில்லை என்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். அன்றிரவே உறுமல் போய்விட்டது. செலவழித்ததில் மிகப் பெறுமதியான காசு இதுதான்.

உறுமல் போனாலும் உப்புக்காற்று விடாது. ஆணிகள் துருப்பிடித்துத் தளர்ந்ததும் தகரம் கடகடக்கத் தொடங்கும். துருப்பிடிக்காத உருக்கு ஆணிகளுக்கு மாற்றினோம். இடைக்கிடை கரண்டை நிறுத்திவிட்டு யூனிட்டின் பின்பக்கத் தகடுகளை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுகிறோம். றப்பரும் வெயிலில் இறுகும், இறுகினால் மாற்றத்தான் வேண்டும்.

உள் யூனிட்டில் வரும் இரைச்சலுக்கு முக்கிய காரணம் அழுக்கு. அதனுள் சுழலும் உருளை விசிறியின் இதழ்களில் தூசியும் பூஞ்சணமும் படிந்தால் சமநிலை கெட்டுப் படபடக்கும். பில்டரைக் கழுவினால் மட்டும் அது போகாது, வருடாந்த சேர்விஸில் அந்த உருளையையும் கழுவச் சொல்லிக் கேளுங்கள்.

விசிறி வேகத்தைக் குறைப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை. வேகம் பாதியானால் அதன் இரைச்சல் ஏறத்தாழ 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குப் பாதியாகக் கேட்கும். நாங்கள் 26 பாகையில் வைத்து, மேலே சீலிங் ஃபேனை மெதுவாகச் சுழல விடுகிறோம். அம்மாவுக்கு அது தாராளம்.

சிலர் வெளி யூனிட்டைச் சுற்றிப் பலகைப் பெட்டி அடிக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வெளியேறும் சூடு திரும்ப உள்ளே இழுபட்டுக் கம்பிரசர் இன்னும் கஷ்டப்படும், சத்தமும் கூடும். ஒரு பக்கம் மட்டும், காற்றோட்டத்துக்கு நல்ல இடைவெளி விட்டு, மதில் எழுப்பினால் சரி.

வாடை மழைக்காலத்தில் உள் யூனிட்டில் களக் களக் என்று ஒரு சத்தம் வரும். அது பழுது அல்ல, தண்ணீர் வடியும் குழாய்க்குள் காற்று எதிர்த்து ஏறுவது. குழாயின் முனையைக் காற்று வராத பக்கம் திருப்பிவிட்டோம், நின்றுவிட்டது.