பாலக்காடா, கோவையா, வீடியோ காலா: முதல் தடவை மனசுக்கு வைத்தியம் தேடி ஒருவரைப் பார்க்கப் போகும்போது

அப்பா போன பிறகு என் தூக்கமும் போனது. ராத்திரி இரண்டரைக்கு விழிப்பு வரும், நெஞ்சு படபடக்கும், விடிகிற வரைக்கும் தோப்பில் மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். கொழிஞ்சாம்பாறையில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறேன். ஒரே பால்காரருக்கு ஒரே மூட்டைக்கு இரண்டு பில் போட்ட அன்றுதான், இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று புரிந்தது.

எங்கே போவது என்பது எங்கள் ஊரில் கொஞ்சம் சிக்கலான கேள்வி. ஊர் கேரளாவில், வீட்டுப் பேச்சு தமிழில். இந்தப் பக்கம் பாலக்காடு, அந்தப் பக்கம் வேலந்தாவளம் தாண்டிக் கோவை. பல்வலி முதல் கல்யாண ஜவுளி வரை எல்லாவற்றுக்கும் எங்களுக்கு இரண்டு ஊர். கிண்டலுக்கும் இரண்டு ஊர்தான்: தமிழில் கீழ்ப்பாக்கம் என்பார்கள், மலையாளத்தில் குதிரவட்டம் என்பார்கள். இரண்டும் பாவம், ஆயிரக்கணக்கானவர்களைத் தேற்றி அனுப்பிய மனநல ஆஸ்பத்திரிகள்.

கடைசியில் எல்லா வழியையும் பார்த்துவிட்டேன், ஒரு தப்பான வழி உட்பட. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோவையில் தெரிந்தவர் சொன்னார் என்று ஒரு கவுன்சலரிடம் போனேன். சுவர் முழுக்கச் சான்றிதழ். ஐந்து நிமிஷம் என்னைக் கேட்டார், நாற்பது நிமிஷம் அவரே பேசினார். அப்பா இருந்தால் இதைத்தான் விரும்புவாரா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கிளம்பும்போது மூன்று மாத பேக்கேஜ் ஒன்றை நீட்டினார். பணத்தைவிட, இனி யாரிடமும் இதைப் பேசக் கூடாது என்று தோன்றியதுதான் பெரிய நஷ்டம்.

அங்கே போவதற்கு முன்னால் யாராவது எனக்கு இதைச் சொல்லியிருக்கலாம். சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலம் படித்த டாக்டர், மாத்திரை எழுதலாம். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மருந்து எழுத மாட்டார். பேச்சு சிகிச்சையும் சோதனைகளும் அவர் வேலை. அவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டால் தப்பில்லை, ஒழுங்கானவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கவுன்சலர் என்ற பலகையை மட்டும் யார் வேண்டுமானாலும் மாட்டிவிடலாம். அவர்களிலும் நன்றாகப் படித்தவர்கள் உண்டு, ஆனால் எங்கே என்ன படித்தார் என்று நாம்தான் விசாரிக்க வேண்டும்.

சரி, இரண்டாவது முயற்சியும் கோவையிலேயே. தனியாக கிளினிக் வைத்திருக்கும் சைக்காலஜிஸ்ட், ஆர்.சி.ஐ. எண் ரசீதிலேயே இருந்தது. கோவையின் பெரிய வசதி, அங்கே நம்மை யாருக்கும் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது யாராவது வந்து "என்னங்க இங்க?" என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயம் இல்லை.

முதல் சிட்டிங்கில் சோபாவில் படுக்க வைப்பார்கள், குழந்தைப் பருவத்தைக் கிளறுவார்கள் என்றெல்லாம் நினைத்துப் போனேன். சாதாரண நாற்காலிதான். முதலில் ஒரு படிவத்தில் கையெழுத்து. இங்கே பேசுவது வெளியே போகாது, ஆனால் என் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் சொல்ல வேண்டியிருக்கும் என்று விளக்கினார். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்திலும், நாம் சொன்னது ரகசியமாக இருக்க வேண்டும் என்ற இந்த உரிமை உண்டு. அப்புறம் கேள்விகள்: தூக்கம், சாப்பாடு, குடிப்பழக்கம், வீட்டில் யாருக்காவது இப்படி இருந்ததா, கடன் உண்டா. நடுவில் அதே குரலில், "எப்பவாவது செத்துப்போகலாம்னு தோணியிருக்கா?" என்றார். அந்தக் கேள்விக்கு யாரும் திடுக்கிட வேண்டாம். எல்லாரிடமும் கேட்பார்கள். கேட்டால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. எனக்கு அதை ஒருவர் சத்தமாகக் கேட்டதே பாதி பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

ஐம்பது நிமிஷம், ஆயிரம் ரூபாய். முடிந்ததும் மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தேன். பஸ்ஸில் வரும்போது போனதைவிடக் கனமாக இருந்தது, அன்று ராத்திரி சுத்தமாகத் தூக்கமில்லை. மூடி வைத்ததைத் திறந்தால் இரண்டொரு நாள் அப்படித்தான் இருக்கும் என்று அடுத்த வாரம் சொன்னார். அதை முதல் வாரமே சொல்லியிருக்கலாம்.

கோவையில் குறை என்று சொன்னால் இரண்டு. போக, வர, காத்திருக்க என்று கடைக்கு அரை நாள் பூட்டு. நினைப்பையும் நடப்பையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பழக்கும் சி.பி.டி. என்கிற பேச்சு சிகிச்சைக்கு வாரம் ஒன்றாக 12 முதல் 20 சிட்டிங் வரை ஆகலாம் என்றார். 20 அரை நாள் பூட்டிய கடையை நினைத்துப் பாருங்கள். இன்னொன்று நான் எதிர்பார்க்காதது. தமிழில் பேசத்தானே கோவைக்குப் போனேன்? அவருடைய தமிழில் ஸ்ட்ரெஸ், ட்ரிக்கர், கோப்பிங் என்று வந்துகொண்டே இருந்தது. நானும் அந்த வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு பரீட்சை எழுதுகிற பையன் மாதிரி பதில் சொன்னேன். எனக்கு இருந்தது ஸ்ட்ரெஸ் இல்லை. அப்பாவின் டார்ச் லைட் இன்னும் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதை எடுக்கவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை. அவ்வளவுதான். அதை மூன்றாவது சிட்டிங் வரைக்கும் சொல்ல வரவில்லை.

பாலக்காட்டுக்குப் போனது செலவை நினைத்துத்தான். அரசு ஆஸ்பத்திரி ஓபி. சீட்டு எடுத்து வரிசையில் நிற்க வேண்டும், வரிசையில் எங்கள் ஊர் ஆசாரி ஒருவர் எனக்கு மூன்று பேர் முன்னால் நின்றார். இருவரும் பார்த்தோம், இருவரும் பார்க்கவில்லை. டாக்டர் கொடுத்தது ஏழெட்டு நிமிஷம் இருக்கும். ஆனால் கோவையில் இரண்டு பேரும் யோசிக்காத ஒன்றை அவர் செய்தார்: தைராய்டு பார்க்க ரத்தம் எடுக்கச் சொன்னார். தைராய்டு குறைந்தாலும் சோர்வு, மந்தம், மனச்சோர்வு எல்லாம் வருமாம். எனக்கு அது சரியாகவே இருந்தது. இருந்தாலும் உடம்பை ஒரு தடவை பார்த்துவிட்டு மனசுக்கு வருவது நல்ல வரிசை என்று இப்போது நினைக்கிறேன். மாத்திரை பற்றிக் கேட்டேன். இப்போதைக்கு வேண்டாம், தேவைப்பட்டால் தொடங்கலாம், தொடங்கினால் பலன் தெரிய இரண்டு மூன்று வாரமாவது ஆகும், தானாக நிறுத்தக் கூடாது என்றார். பேச்சுக்கு அங்கேயே இருக்கும் சைக்காலஜிஸ்டிடம் அனுப்பினார். அதற்குத் தேதி கிடைத்தது மூன்று வாரம் கழித்து. அரசு ஆஸ்பத்திரியின் விலை இதுதான், பணமாக இல்லாமல் நாளாகக் கொடுக்க வேண்டும்.

அந்த மூன்று வாரத்தில் வீடியோவில் ஒருவரைப் பார்த்தேன். சென்னைக்காரர், நல்ல மனுஷர். ஆனால் எங்கள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு ஐம்பது நிமிஷம் பேச இடமில்லை. அம்மா இரண்டு தடவை காபியோடு வந்துவிடுவாள். தோப்பு மோட்டார் ரூமில் உட்கார்ந்து போனைச் சுவிட்ச் பெட்டி மேல் சாய்த்து வைத்தேன். அப்பா கடைசியாகப் பேசியதைச் சொல்ல ஆரம்பித்தபோது கரண்ட் வந்தது, மோட்டார் தானாக ஓட ஆரம்பித்தது, அவர் "கேட்கல சார், கேட்கல" என்கிறார். முதல் தடவைக்கு வீடியோ வேண்டாம் என்று சொல்ல எனக்கு இந்த ஒரு காரணமே போதும். ஒருவரோடு பழகி, நாலைந்து சிட்டிங் நேரில் முடிந்த பிறகு, நடுவில் ஒன்றிரண்டு வீடியோவில் வைத்துக்கொண்டால் பஸ் செலவு மிச்சம். தனி அறை உள்ளவர்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

மனசு சரியில்லாதபோது போனில் கூப்பிட்டுப் பேசுகிற 14416 என்ற டெலி மானஸ் உதவி எண்ணை இந்த வரிசையில் சேர்ப்பதே சரியில்லை, அது வேறு வகை. 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கியது, 24 மணி நேரமும் இலவசம், தமிழும் உண்டு, மலையாளமும் உண்டு. இரண்டரை மணிக்கு விழித்துக்கொண்டு மேலே என்ன செய்வதென்று தெரியாத ராத்திரிக்கு அது. யாரைப் போய்ப் பார்க்கலாம் என்றும் வழி சொல்வார்கள். செத்துப்போகலாம் என்று தோன்றுகிறவர் ஓபி தேதிக்குக் காத்திருக்கவே வேண்டாம், அந்த எண்ணையோ பக்கத்து ஆஸ்பத்திரி அவசரப் பிரிவையோ அப்போதே பிடிக்க வேண்டும்.

மூன்று வாரம் கழித்து பாலக்காட்டு சைக்காலஜிஸ்ட். வயது முப்பது இருக்கும், மலையாளி. முதலில் ஒன்பது கேள்வி உள்ள ஒரு தாள். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம், பசி, ஈடுபாடு எல்லாம் எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை போட வேண்டும், மொத்தம் 27. எனக்கு 13 வந்தது, நடுத்தரம் என்றார். ரத்த அழுத்தம் பார்ப்பது மாதிரி இதையும் ஒவ்வொரு மாதமும் பார்த்துக்கொள்ளலாமாம். ஒரு நோட்டு வாங்கி, விழிப்பு வந்த நேரமும் அப்போது மனசில் ஓடியதும் எழுதச் சொன்னார். கடையில் தேதி போட்ட பழைய கணக்கு நோட்டு இருந்தது, அதில் எழுதினேன்.

அவரோடு மலையாளத்தில்தான் தொடங்கினேன். பள்ளியில் படித்தது, கடையில் பேசுவது, சிரமமில்லை. சிரமம் எல்லாம் ஒன்றுபோல இருக்கும் வார்த்தைகளில். "விஷமம் உண்டோ?" என்று கேட்டால் மலையாளத்தில் வருத்தம் உண்டா என்று அர்த்தம். அது எனக்குத் தெரியும். ஆனாலும் காதில் விழும்போது, சின்ன வயதில் அப்பா "விஷமம் பண்ணாதடா" என்று துரத்தியதுதான் முதலில் வருகிறது. அவர் கேட்டது ஒன்று, என் கண்ணில் தண்ணீர் வந்தது வேறொன்றுக்கு.

என்ன ஆயிற்று என்று கேட்டார், சொன்னேன். சிரித்துவிட்டு, இனி தமிழிலேயே பேசுங்கள், எனக்குப் புரியாத இடத்தில் நிறுத்திக் கேட்கிறேன் என்றார். அரைகுறைத் தமிழ்தான் அவருக்கு. புரியாத ஒருவருக்குச் சொல்லும்போது வார்த்தையைத் தேடி, சின்னதாக்கி, சுற்றாமல் சொல்ல வேண்டியிருக்கிறது. டார்ச் லைட் விஷயம் முதல் நாளே வந்துவிட்டது. அப்புறம் கோவைக்கு நான் போகவில்லை. மாதம் இரண்டு தடவை, புதன்கிழமை, கடைக்குத் தம்பி உட்காருகிறான்.

நாலாவது தடவை, டார்ச்சை எடுத்து அலமாரியில் வைத்தேன், அப்போது சங்கடமாக இருந்தது என்றேன். பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார்.

"எந்தச் சங்கடம்? உங்க வீட்டுச் சங்கடமா, எங்க மலையாளச் சங்கடமா?"

தமிழில் சொன்னால் கூச்சம், தர்மசங்கடம். மலையாளத்தில் சொன்னால் துக்கம். நான் கொஞ்ச நேரம் யோசிக்க வேண்டியிருந்தது.

"உங்களுதுதாங்க" என்றேன். எழுதிக்கொண்டார்.