போர்ச்சுகலில் 14 நாள்: ரயிலுக்கு 9, மாடிப்படிக்குப் பூஜ்யம்

பத்துக்கு மார்க் போட்டால் ரயிலுக்கு 9, காபிக்கு 9, கடலுக்கு 7, லிஸ்பனில் நாங்கள் எடுத்த வாடகை வீட்டுக்கு 2. அந்த 2-ம் அதன் ஜன்னலுக்காகத்தான். போன அக்டோபரில் நானும் வீட்டுக்காரரும் தூத்துக்குடியிலிருந்து கிளம்பி, துபாயில் விமானம் மாறி, லிஸ்பன், நசரே, போர்த்தோ, லாகோஸ் என்று 14 நாள் சுற்றிவிட்டு வந்தோம். டூர் கம்பெனிகளிடம் கேட்டால் போர்ச்சுகலை ஸ்பெயினோடு ஒட்டுப் போட்டு இரண்டு நாளில் முடித்துவிடுகிறார்கள், அது வேண்டாம் என்று எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொண்டோம். அவருக்கு வயது 67, எனக்கு 61, அவருக்கு முழங்கால் வலி உண்டு. அந்தக் கணக்கிலேயே இதைப் படியுங்கள், இருபத்தைந்து வயதுக்காரர்களுக்கு நான் சொல்லும் குறைகளில் பாதி குறையாகவே தெரியாது.

முதலில் ரயில். கார் எடுக்கலாமா என்று அவர் இரண்டு வாரம் யோசித்தார், நான் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றேன், இன்றுவரை அதில் எனக்குப் பெருமை. 65 வயது ஆனவர்களுக்கு அரசு ரயிலில் பாதி டிக்கெட்தான், அந்த நாட்டுக்காரர்களாக இருக்க வேண்டும் என்பதில்லை, பாஸ்போர்ட்டில் பிறந்த தேதியைக் காட்டினால் போதும். நம் ஊரில் முதியோர் சலுகையை 2020-ல் எடுத்தவர்கள் எடுத்ததுதான், அங்கே ஒரு வெளிநாட்டுக்காரருக்குப் பாதி விலையில் கொடுக்கிறார்கள் என்றதும் இவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். லிஸ்பனிலிருந்து போர்த்தோ போகும் வேகமான ரயிலுக்கு ஆல்ஃபா பெண்டுலார் என்று பெயர். வளைவுகளில் பெட்டி லேசாகச் சாயும், அதிகபட்சம் 220 கிலோமீட்டர் வேகம், கிட்டத்தட்ட மூன்று மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பெட்டிக்குள் இருக்கும் சின்னத் திரையில் வேகம் ஓடிக்கொண்டே இருக்கும், இவர் ஜன்னலைப் பார்த்ததைவிட அதைப் பார்த்ததுதான் அதிகம். அதற்கு அடுத்தது இன்டர்சிடாடெஷ், விலை கொஞ்சம் குறைவு, நேரம் கொஞ்சம் கூட, உட்கார அதுவும் நன்றாகவே இருக்கிறது. 65 ஆகாதவர்களுக்கும் முன்கூட்டியே வாங்கினால் தள்ளுபடி உண்டு.

ஒரு மார்க் குறைத்தது ஏன் என்றால், அங்கே ரயில்வேயில் வேலைநிறுத்தம் அடிக்கடி வரும். 'க்ரெவ்' என்ற ஒரு சொல்லைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், நிலையத்திலோ இணையத்திலோ அந்தச் சொல்லைப் பார்த்தால் அன்றைக்குப் பேருந்துக்கு மாறிவிட வேண்டும். விமானம் பிடிக்க வேண்டிய நாளில் ரயிலை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

இப்போது அந்த வீடு. லிஸ்பனில் அல்ஃபாமா என்று ஒரு பழைய பகுதி. 1755 நவம்பர் 1-ஆம் தேதி நிலநடுக்கத்தில் நகரத்தின் பெரும்பகுதி அழிந்தபோது இந்த மேட்டுப் பகுதி பெருமளவு தப்பித்துவிட்டது. அதனால்தான் கீழே பைஷா பகுதியில் தெருக்கள் எல்லாம் கோடு போட்டதுபோல் நேராக இருக்க, இங்கே ஆயிரம் வருடத்துச் சந்து பொந்துகள் அப்படியே இருக்கின்றன. படிக்க அழகாக இருந்தது, அங்கேயே வீடு எடுத்துவிட்டேன். லிஃப்ட் உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் லிஃப்ட் கதவில் 'பழுது' என்று ஒரு காகிதம், அது ஒட்டி எவ்வளவு காலம் ஆனதோ, ஓரமெல்லாம் பழுப்பேறி இருந்தது. நாலாவது மாடி, 78 படி. நான் எண்ணினேன்.

"ஏங்க, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுங்க."

"நீ எண்ணாம வா. எண்ணினாத்தான் வலிக்குது."

வீட்டை வாடகைக்கு விட்ட பெண்மணி மேலே நின்றுகொண்டு போர்ச்சுகீசிய மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தார். அதில் எனக்கு இரண்டு சொல் புரிந்தது. சாவியைக் காட்டி 'ஷாவ்' என்றார், ஜன்னலைத் திறந்து 'ஜனெலா' என்றார். மேசை, அலமாரி, சாவி, ஜன்னல் எல்லாம் போர்ச்சுகீசியர்கள் தமிழில் விட்டுவிட்டுப் போன சொற்கள்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன், ஆனால் மூச்சு வாங்க நிற்கும்போது ஒரு அந்நிய ஆள் வாயிலிருந்து கேட்பது வேறு. அந்த ஜன்னலில் தேஷு ஆறு முழுசாகத் தெரிந்தது. அதற்குத்தான் 2. லிஃப்ட் பற்றி எழுதி அனுப்பினேன், "இந்த வாரம் சரியாகிவிடும்" என்று பதில் வந்தது, நாங்கள் கிளம்பும்வரை சரியாகவில்லை. முழங்கால் வலிக்காரர்கள் பைஷாவிலோ, ஆற்றோரம் சமதளத்திலோ எடுங்கள். அப்புறம், நடைபாதை முழுக்கச் சின்னச் சின்ன வெள்ளைக் கல் பதித்திருப்பார்கள், மழை பெய்தால் எண்ணெய் கொட்டியதுபோல் வழுக்கும், அடிப்பகுதி நன்றாகப் பிடிக்கும் ஷூ கட்டாயம். லிஸ்பனில் ஆளுக்கு ஒரு இரவுக்கு 4 யூரோ சுற்றுலா வரி தனி, வாடகையைப் பார்த்துக் கணக்குப் போடும்போது இதை மறந்துவிடுவோம்.

எல்லோரும் போட்டோ போடும் அந்த மஞ்சள் டிராம், 28-ஆம் எண், அதற்காக மார்ட்டிம் மோனிஷ் நிறுத்தத்தில் வரிசையில் நிற்காதீர்கள். நாங்கள் முக்கால் மணி நேரம் நின்று, ஏறிய பிறகும் நின்று, பையை வயிற்றோடு கட்டிப் பிடித்துக்கொண்டு போனோம், பிக்பாக்கெட்டுக்குப் பேர்போன வழி அது. ஆசை இருந்தால் காலை ஏழு மணிக்கு ஏறுங்கள், அப்போது பள்ளிப் பிள்ளைகளோடு நிம்மதியாகப் போகலாம். பயண அட்டையை இருவருக்குத் தனித்தனியாக வாங்க வேண்டும், ஒரே அட்டையை இரண்டு தடவை தேய்க்க முடியாது.

லிஸ்பனிலேயே ஆற்றோரம் இருக்கும் பெலேம் பகுதிக்கு 15-ஆம் டிராம். ஜெரோனிமோஸ் மடாலயத் தேவாலயத்தில் வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கிறது. எங்கள் ஊரில் மச்சாடோ, மோத்தா, வாஸ் என்று போர்ச்சுகீசியப் பெயர் வைத்த பிள்ளைகளோடு படித்து வளர்ந்தவளுக்கு அந்தக் கல்லின் முன்னால் என்ன நினைப்பது என்று தெரியவில்லை, கோபமா பாசமா என்று பிரிக்க முடியாத ஒன்று. தமிழை ரோமன் எழுத்தில் அச்சடித்த முதல் புத்தகம் 1554-ல் இதே லிஸ்பனில்தான் வந்தது, தமிழ் எழுத்திலேயே அச்சான தம்பிரான் வணக்கம் கொல்லத்தில் 1578-ல். அந்த நகரத்தில் இதைச் சொல்லும் ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை. சரி, பக்கத்திலேயே 1837 முதல் ஓடும் பாஷ்டெய்ஷ் டி பெலேம் கடை, முட்டைக் கஸ்டர்ட் வைத்த சின்ன டார்ட்டுக்குப் பேர்போனது. வெளியே வரிசையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது வாங்கிக்கொண்டு போகிறவர்களுக்கு. உள்ளே அறை அறையாக ஏகப்பட்ட இருக்கைகள், உட்கார்ந்து சூடாக, மேலே பட்டைத் தூள் தூவிச் சாப்பிடுங்கள். முட்டை இருக்கிறது, சைவக்காரர்கள் கவனம்.

நசரேக்கு ரயிலை நம்ப வேண்டாம், நிலையம் ஊருக்கு வெளியே ஆறு கிலோமீட்டர் தள்ளி. லிஸ்பனில் செட்டே ரியோஷ் பேருந்து நிலையத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். இந்தப் பயணத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான், ஆனால் எதற்காகப் போனோமோ அது நடக்கவில்லை. நசரே என்றால் அலை. கடலுக்கடியில் 5 கிலோமீட்டர் வரை ஆழம் போகும் ஒரு பள்ளத்தாக்கு நேராகக் கரைக்குப் பக்கத்தில் வந்து முடிகிறது, தூரத்துப் புயலில் கிளம்பிய அலை அந்தப் பள்ளத்தின் மேல் வேகம் குறையாமல் வந்து, ஆழம் குறைந்த பக்கம் மெதுவாக வரும் அலையோடு மோதி, இரண்டும் சேர்ந்து எழும்புகின்றன. 2020 அக்டோபர் 29-ல் செபாஸ்டியன் ஸ்டோய்ட்னர் என்ற ஜெர்மானியர் 26.21 மீட்டர் அலையில் சறுக்கிக் கின்னஸ் சாதனை செய்தது இங்கேதான். எட்டு மாடி உயரம். நாங்கள் கலங்கரை விளக்கத்தில் இரண்டு மணி நேரம் நின்றோம், திருச்செந்தூரில் வருவதைவிடக் கொஞ்சம் பெரிய அலை வந்தது. பருவம் அக்டோபர் முதல் மார்ச் வரை என்கிறார்கள், ஆனால் பெரிய அலை எந்த நாள் என்று சில நாள் முன்னால்தான் தெரியும், முன்பதிவு செய்துகொண்டு இந்தியாவிலிருந்து வருகிறவர்களுக்குச் சிக்குவது அதிர்ஷ்டம்.

ஆனால் கீழே கடற்கரையில் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது! மரச்சட்டத்தில் வலை கட்டி, அதன் மேல் மீனைப் பிளந்து விசிறிபோல் விரித்து, வரிசை வரிசையாக வெயிலில். தலையில் துணி கட்டிய வயதான பெண்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காக்கிறார்கள், சிலர் முழங்கால்வரை பாவாடைமேல் பாவாடையாக உடுத்தியிருந்தார்கள். ஏழு பாவாடை கட்டுவது அந்த ஊர் வழக்கம், ஏன் ஏழு என்பதற்கு ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். வாசனை பிடித்துக்கொண்டே போய் ஒரு பாட்டியிடம் நின்றேன். மொழி இல்லை. நான் மீனைத் திருப்பிப் பார்த்து, முள்ளோரம் அழுத்திப் பார்த்து, இன்னும் ஒரு நாள் காய வேண்டும் என்று கையால் காட்டினேன். பாட்டி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பின்னால் இருந்த கூடையிலிருந்து நன்றாகக் காய்ந்ததை எடுத்துக் கொடுத்தார். கரப்பாவ் என்று பெயர், நம் பாறை மீனுக்குச் சொந்தம். உப்பு நம் ஊர்க் கருவாட்டைவிடக் குறைவு. தங்கிய இடத்தில் அடுப்பு இருந்தது, கொண்டுபோன மிளகாய்த்தூளைத் தடவி வறுத்தேன், அந்த மிளகாயும் அவர்கள் கப்பலில் நமக்கு வந்ததுதான். ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டேன், நல்லவேளை, அந்த ஊரில் அந்த வாசனைக்கு யாரும் புகார் சொல்ல மாட்டார்கள்.

கடற்கரைச் சாலையில் பெண்கள் அட்டையில் பல மொழிகளில் 'அறை' என்று எழுதிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், பருவம் இல்லாத நாளில் அவர்களிடமே பேசி அறை எடுக்கலாம். மேட்டு ஊருக்குப் போக 1889-லிருந்து ஓடும் கயிற்று ரயில் உண்டு, படி ஏற வேண்டாம், இவர் மூன்று தடவை போய் வந்தார்.

போர்த்தோவைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். விரைவு ரயில் காம்பன்யாவில் நிற்கும், அங்கிருந்து உள்ளூர் ரயிலில் சில நிமிடம் போய் சாவோ பெந்தோவில் இறங்குங்கள், சுமார் 20,000 நீல ஓடு பதித்த நிலையக் கூடம், காசு இல்லாமல் பார்க்கக்கூடியதில் இதைவிட நல்லது எனக்குக் கிடைக்கவில்லை. 1886-ல் கட்டிய தோம் லூயிஷ் பாலத்தில் மேல் தட்டில் மெட்ரோவும் மனிதர்களும் ஒன்றாகப் போவார்கள், மயக்கம் வருகிறவர்கள் கீழ்த் தட்டில் போங்கள். அங்கிருந்து ஒரு பகல் அவைரோ என்ற கால்வாய் ஊருக்குப் போனோம். வெனிஸ் வெனிஸ் என்று விளம்பரம் செய்கிறார்கள், அப்படியெல்லாம் இல்லை, ஒரு மணி நேரப் படகு, அவ்வளவுதான். ஆனால் ஓவோஷ் மோலெஷ் என்று ஒரு இனிப்பு, முட்டை மஞ்சள் கருவும் சர்க்கரையும் மெல்லிய தாள் போன்ற ஓட்டுக்குள். மடங்களில் வெள்ளைக் கருவை உடைகளுக்குக் கஞ்சி போடப் பயன்படுத்திவிட்டு மிச்ச மஞ்சளில் இனிப்பு செய்தார்கள் என்பது கதை. எங்கள் தூத்துக்குடி மக்ரூனில் வெள்ளைக் கரு மட்டும்தான். இரண்டையும் ஒரு தட்டில் வைத்தால் முட்டைக் கணக்கு சரியாகிவிடும் என்று இவரிடம் சொன்னேன், சிரிக்கவில்லை, இனிப்பு தின்றுகொண்டிருந்தார்.

போர்த்தோவிலிருந்து லாகோஸ் (நைஜீரியாவில் இருப்பது அல்ல, இவர்கள் லாகுஷ் என்கிறார்கள்) போக ஒரு நாளே போய்விட்டது. தெற்கே துனெஷ் நிலையத்தில் இறங்கிச் சின்ன ரயிலுக்கு மாற வேண்டும். போந்தா ட பியெடாடெ பாறைகள் மஞ்சளும் சிவப்புமாகக் கடலுக்குள் தூண் தூணாக நிற்கின்றன, படகில் போய்ப் பாருங்கள், மேலிருந்து பார்ப்பதும் அழகுதான். காமிலோ கடற்கரைக்கு இறங்க சுமார் 200 படி. நான் போனேன், அவர் மேலேயே உட்கார்ந்து கையசைத்தார். தண்ணீரில் கால் வைத்தேன், அவ்வளவுதான், அட்லாண்டிக் குளிர் நமக்கு ஆகாது. கடலுக்கு 7 போட்டது அதனால்தான், பார்க்க 10, குளிக்க 4. ஊருக்குள் பழைய அடிமைச் சந்தைக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். 1444-ல் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த 235 பேரை இந்த ஊரில்தான் இறக்கினார்கள், ஐரோப்பாவில் அந்த அளவில் அதுதான் முதல். பெலேமில் கப்பலோட்டிகளின் பெருமையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இதையும் பார்த்துவிடுவது நல்லது.

சாப்பாட்டில் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். உட்கார்ந்ததும் ரொட்டி, ஆலிவ், சீஸ் எல்லாம் தானாக வரும், இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கடையில் எங்களுக்கு அதற்கே 9 யூரோ போட்டார்கள். வேண்டாம் என்றால் உடனே திருப்பி அனுப்புங்கள், தொடாததற்குக் காசு கிடையாது. கால்டு வெர்டே என்ற கீரை சூப்பில் பெரும்பாலும் பன்றி இறைச்சித் துண்டு கிடக்கும், கேட்டுவிட்டுக் குடியுங்கள். காபி எங்கே குடித்தாலும் நன்றாக இருந்தது, பால் சேர்த்து வேண்டுமென்றால் 'மெய்யா டி லெய்ட்' என்று கேளுங்கள்.

எனக்கும் பாதி டிக்கெட் கிடைக்க இன்னும் 4 வருடம் இருக்கிறது. அப்போது நசரேக்கு மட்டும் ஒரு மாதம் போகலாம் என்கிறேன். தரைத்தளத்தில் வீடு பார் என்கிறார்.