பழைய காரின் லெதர் சீட்: சாயம் பூசலாமா, உறையை மாற்றலாமா?

முதலில் டிரைவர் சீட்டின் கதவுப்பக்க ஓரத்தைப் பாருங்கள். ஏறி இறங்கும்போது உரசுவது அங்கேதான். விரிசலை விரலால் விரித்தால் மேல்பூச்சு மட்டும் வெடித்திருக்கிறதா, உள்ளே தோலின் நார் தெரிகிறதா என்று புரிந்துவிடும்.

செலவு: சாயம் மலிவு, வீட்டிலேயே முடியும். உறை, அதாவது பழைய லெதரைக் கழற்றிவிட்டுப் புதிதாகத் தைத்துப் போடுவது, பல மடங்கு.

உழைப்பு: சாயம் பூசுவது சுலபம், அதற்கு முந்தைய வேலைதான் இடுப்பை ஒடிக்கும். லெதர் கிளீனரும் மெல்லிய பிரஷும் கொண்டு பிசுக்கெடுத்து, ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்க்க வேண்டும். பிறகு ஸ்பாஞ்சால் மெல்லிய பூச்சுகள், ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது, கடைசியில் கிளியர் கோட் (நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு). தடிமனாக அப்பினால் உரிந்துவிடும். லெதரை மென்மையாக்கும் கண்டிஷனர் தடவினாலே சரியாகிவிடும் என்பதை நம்பாதீர்கள்; போன நிறம் அதில் திரும்பாது.

ஆயுள்: சாயம் உரசும் ஓரத்தில் முதலில் தேயும், அங்கே மட்டும் மறுபடி தொட்டுக்கொள்ளலாம். உறை நெடுநாள் வரும். அமுங்கிய ஃபோமையும் அப்போதே மாற்றிவிடலாம்.

ஆபத்து: சீட்டுக்குள் சைடு ஏர்பேக் இருந்தால், அது கிழித்து வெளிவரவேண்டிய தையலைச் சாதாரண நூலால் தைக்கக் கூடாது. இது தெரியாத தையல்காரரிடம் சீட்டைக் கொடுக்காதீர்கள்.

நிறம் மங்கல், மேல்பூச்சில் மட்டும் மயிரிழை விரிசல் என்றால் சாயம். கிழிசல், பிரிந்த தையல், குழி விழுந்த இருக்கை என்றால் உறைதான்.