மேக்புக்கில் டேலி: கீபோர்டைச் சரிக்கட்டிய அனுபவம்

கணக்கு எழுதும் மென்பொருளான டேலி விண்டோஸில்தான் ஓடும், என்னிடம் இருப்பதோ இன்டெல் மேக்புக். அதில் கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, உள்ளே விண்டோஸ் 10 வைத்து, தி.நகர், மயிலாப்பூர் கடைக்காரர்களின் கணக்கையெல்லாம் சில வருடங்களாக அப்படியேதான் எழுதி வருகிறேன். வேகத்தில் குறையில்லை. படுத்தியது கீபோர்டுதான்.

விண்டோஸ் கீபோர்டில் ஸ்பேஸ் பாரை ஒட்டி இருப்பது ஆல்ட், அதற்கடுத்தது விண்டோஸ் கீ. மேக்புக்கில் ஸ்பேஸ் பாரை ஒட்டி கமாண்ட், அதற்கடுத்து ஆப்ஷன். வி.எம்.முக்குள், அதாவது விர்ச்சுவல்பாக்ஸில் ஓடும் மெய்நிகர் கணினிக்குள், கமாண்ட் விண்டோஸ் கீ ஆகிவிடும், ஆப்ஷன் ஆல்ட் ஆகிவிடும், ஆக இரண்டும் இடம் மாறிக் கிடக்கும். டேலியில் ஆல்ட் இல்லாமல் ஒரு வேலையும் நகராது: வவுச்சர் போடும்போதே புது லெட்ஜர் திறக்க ஆல்ட்+சி, காலத்தை மாற்ற ஆல்ட்+எஃப்2, வவுச்சரை அழிக்க ஆல்ட்+டி. கட்டைவிரல் பழக்கத்தில் கமாண்டில் விழுந்தால் அது விண்டோஸ்+டி. திறந்திருந்த எல்லாம் கீழே இறங்கி வெறும் டெஸ்க்டாப் வந்து நிற்கும். மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்னான ஜிஎஸ்டிஆர்-3பி-க்குக் கடைசி நாளான 20ஆம் தேதி சாயங்காலம் இது நாலு தடவை நடந்தால் யாருக்கும் பொறுமை போய்விடும்.

முதலில் ஹோஸ்ட் கீயை, அதாவது விர்ச்சுவல்பாக்ஸ் தன் சொந்தக் கட்டளைகளுக்கு வைத்திருக்கும் கீயை, மாற்றுங்கள். மாற்றாமல் விட்டால் மேக்கில் விர்ச்சுவல்பாக்ஸ் இடது கமாண்டைத் தனக்கென்று பிடித்து வைத்துக்கொள்ளும், அது விண்டோஸுக்குப் போய்ச் சேராது. விர்ச்சுவல்பாக்ஸ் பிரிஃபரன்ஸில் இன்புட் பகுதிக்குப் போய் வலது கமாண்டுக்கு மாற்றினால் போதும். எஃப்5 பேமெண்ட், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ் என்று நாள் முழுக்க எஃப் வரிசையில் இருப்பவர்கள், மேக்கின் கீபோர்டு செட்டிங்ஸில் அவற்றைச் சாதாரண ஃபங்ஷன் கீயாக வேலை செய்யவும் சொல்லிவிடுங்கள். வெளிச்சம், சத்தம் கூட்டக் குறைக்க எஃப்என் சேர்த்து அழுத்த வேண்டியிருக்கும், பரவாயில்லை.

ஆல்ட், விண்டோஸ் கீ இடமாற்றத்துக்கு ரொம்ப நாள் பயன்படுத்தியது ஷார்ப்கீஸ் என்ற சின்ன மென்பொருள். விண்டோஸுக்குள் நிறுவி, இடது விண்டோஸை இடது ஆல்ட்டாகவும் இடது ஆல்ட்டை இடது விண்டோஸாகவும் எழுதி, ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஸ்கேன்கோடு மேப் என்று ஒரு பதிவைப் போடுவதோடு அதன் வேலை தீர்ந்தது, பின்னணியில் எதுவும் ஓடாது, லாகின் திரையிலும் மாற்றம் செல்லும். மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் மென்பொருளிலும் இதைச் செய்யலாம். ஆனால் அது பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அட்மின் உரிமையில் திறந்த விண்டோக்களில் அதையும் அட்மினாக ஓட்டினால்தான் பலிக்கும். எனக்கு ஷார்ப்கீஸே பிடித்தது. தமிழில் கடிதம் அடிக்க மொழி மாற்றும் ஆல்ட்+ஷிஃப்ட்கூட விரல் தேடும் இடத்துக்கு வந்துவிட்டது.

நம்பர் பேடு வேண்டும் என்று ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு யுஎஸ்பி கீபோர்டு வாங்கி மாட்டியதும் நிலைமை மாறியது. அதில் ஆல்ட் ஏற்கெனவே சரியான இடத்தில்தான் இருக்கிறது, ஷார்ப்கீஸ் அதையும் சேர்த்துப் புரட்டிவிட்டது. காரணம் எளிது. மேக்கில் எத்தனை கீபோர்டு மாட்டினாலும் வி.எம்.முக்குள் இருக்கும் விண்டோஸுக்குத் தெரிவது ஒரே ஒரு மெய்நிகர் கீபோர்டு. எந்த எழுத்து எதிலிருந்து வந்தது என்று உள்ளே உட்கார்ந்து பிரிக்க வழியே இல்லை.

அதனால் மாற்றத்தை மேக் பக்கம் கொண்டுவந்துவிட்டேன். மேக்கில் கீகளை மாற்றியமைக்கும் மென்பொருளான காராபினர்-எலிமெண்ட்ஸில் ஒரு விதி: லேப்டாப்பின் சொந்தக் கீபோர்டாக இருந்து, முன்னால் இருப்பது வி.எம். விண்டோவாகவும் இருந்தால் மட்டும் இடது கமாண்டும் இடது ஆப்ஷனும் இடம் மாறட்டும். மற்ற நேரத்தில் மேக் மேக்காகவே இருக்கும், காப்பி, பேஸ்ட் எதுவும் கெடாது. ஷார்ப்கீஸ் பதிவை முதலில் நீக்கிவிட வேண்டும், இரண்டு இடத்திலும் புரட்டினால் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

வெளிக் கீபோர்டு மாட்டாதவர்களுக்கு ஷார்ப்கீஸ் தாராளமாகப் போதும். காராபினர் போடுபவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 2019இல் வந்த கேட்டலினா முதல் அதற்கு மேக் செட்டிங்ஸில் இன்புட் மானிட்டரிங் அனுமதி (கீ அழுத்துவதைக் கவனிக்கும் அனுமதி) தேவை. மேக்கைப் பெரிதாக அப்டேட் செய்தபின் கீ பழையபடி ஆகிவிட்டால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.