ஐயாவின் வலக்கைக்கு ஒரு மேக்கி மேக்கி

பாரிசவாதத்துக்குப் பிறகு கைப்பயிற்சிக்கு உதவும் என்று மேக்கி மேக்கி வாங்க யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முரசுமோட்டையில் எங்கள் வீட்டில் ஒன்று பாவனையில் இருக்கிறது. கனடாவில் இருந்து வந்த மச்சான் கொண்டுவந்தது. விலை 50 அமெரிக்க டொலர் அளவில் வரும்.

அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2012இல் வெளியிட்ட சின்னப் பலகை இது. யூஎஸ்பி வயரைச் செருகினால் கொம்பியூட்டர் இதை ஒரு கீபோர்ட் என்றே எடுத்துக்கொள்ளும். கிளிப் வயரின் மறுமுனையில் சாப்பாடு சுற்றும் வெள்ளித்தாளை மாட்டிவிட்டுத் தொட்டால் போதும், ஓர் அம்புக்குறியைத் தட்டியது போலத்தான். விளையாட்டை ஸ்க்ராட்ச் என்ற, பிள்ளைகளும் விளையாட்டுச் செய்யக்கூடிய கொம்பியூட்டர் மென்பொருளில் நாங்களே செய்தோம். அது இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும்.

ஐயா இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நெல் விளைவித்தவர். கார் ஓட்டும் விளையாட்டுகளை இரண்டு நிமிடம் கூடப் பார்க்கமாட்டார். ஆகவே திரையில் ஒரு வயல், நான்கு மூலையிலும் மயில். மேசையில் ஒட்டிய நான்கு வெள்ளித்தாளில் சரியானதைத் தொட்டால் மயில் பறந்துவிடும். தவறவிட்டால் கொஞ்சம் நெல்லைத் தின்னும், அவ்வளவுதான். தோற்றுப்போகும் கட்டமே வைக்கவில்லை. கை தேறத் தேறத் தாள்களைத் தள்ளி ஒட்டுவோம். மயில் காத்திருக்கும் நேரம் ஸ்க்ராட்சில் ஓர் எண் மட்டுமே, குறைத்துக்கொள்ளலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது பலகையின் எர்த் வயர். அதை ஒரு கை பிடித்திருந்தால்தான் மற்றக் கையின் தொடுகை பதியும். ஐயாவின் இடக்கையில் அதைக் கொடுத்துவிட்டோம். நல்ல கை பிடிபட்டுப் போனதால் வலக்கைதான் வேலை செய்தாக வேண்டும். நல்ல கைக்கு உறை மாட்டிப் பலவீனமான கையைப் பழக்கும் சிகிச்சை முறையே இருக்கிறது. இங்கே அது கிட்டத்தட்ட இலவசமாக வந்துவிட்டது.

குறைகளும் உண்டு. மண்வெட்டி பிடித்துக் காய்ப்பேறிய கை, அதிலும் சோளகக் காற்று வீசும் நாட்களில் காய்ந்துபோன தோல், பலகைக்குத் தெரியவே தெரியாது. ஈரத்துணியால் துடைத்துவிட்டால் சரி. லப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டுத்தான் விளையாட விடுகிறேன். கரண்ட் வயரோடு ஓர் ஆளை இணைத்துவைக்க மனம் வராது. பெரிய குறை, விரித்த விரலுக்கும் மூடிய முட்டிக்கும் இதற்கு வித்தியாசம் தெரியாது. விரலை விரித்துத் தொட வேண்டும், உடம்பை முன்னே சாய்க்கக் கூடாது என்பது பிசியோ மிஸ்ஸின் கண்டிப்பு. யாராவது பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

கொம்பியூட்டர் என்பதால் கை சீக்கிரம் தேறும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 2016இல் லான்செட் நியூரோலொஜி என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. பாரிசவாதம் வந்த 141 பேரில் ஒரு பகுதியினர் நின்டெண்டோ வீ என்ற, கையை அசைத்து ஆடும் வீடியோ கேம் விளையாடினார்கள், மற்றவர்கள் சீட்டு, டொமினோ போன்றவை. கையின் தேற்றத்தில் இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் வீட்டு ஆள் சீட்டுக்கட்டோடு ஆசையாக உட்காருவார் என்றால் இந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். ஐயா சீட்டைத் தொடமாட்டார், மயிலை விடமாட்டார்.

மணிக்கட்டைத் திருப்பும் பயிற்சிக்கு மட்டும் இந்தப் பலகையில் இதுவரை வழி கிடைக்கவில்லை. அதற்கு அறைக்கதவின் பூட்டையும் சாவியையும்தான் கொடுத்திருக்கிறோம்.