தொழிற்சாலை மின்வேலை கற்க: ஐ.டி.ஐ.யா, டிப்ளமோவா, நேராக ஹெல்ப்பரா?

பத்தாவது முடித்த பிள்ளையைத் தொழிற்சாலை எலக்ட்ரிக்கல் வேலைக்கு அனுப்பலாம் என்று நினைக்கிற வீடுகளில் மூன்று பேச்சு ஓடும். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் டிரேடு, பாலிடெக்னிக்கில் இ.இ.இ. (மின், மின்னணுவியல்) டிப்ளமோ, இல்லாவிட்டால் தெரிந்த கான்ட்ராக்டரிடம் ஹெல்ப்பர். நான் ஐ.டி.ஐ. முடித்து, கோவைப் பக்கம் ஒரு நூல் மில்லில் அப்ரண்டிஸ் இருந்து, இப்போது மெயின்டனன்ஸில் வேலை பார்க்கிறேன். என் ஓட்டு ஐ.டி.ஐ.க்கும் அதன் பின்னான அப்ரண்டிஸுக்கும்தான். காரணம் ஒன்றே ஒன்று. அதைப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஐ.டி.ஐ. 2 ஆண்டு, டிப்ளமோ 3 ஆண்டு, இரண்டுக்கும் பத்தாவது பாஸ் வேண்டும். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. ஹெல்ப்பராகப் போனால் சேர்ந்த வாரமே கையில் கூலி. வீட்டில் அன்றாடச் செலவுக்கே திண்டாட்டம் என்றால் அந்தக் கூலியை யாரும் குறைத்துப் பேச முடியாது.

இப்போது அந்த ஒரு காரணம். தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனின் மதிப்பு பிரேக்டவுன் நேரத்தில்தான் தெரியும். ஒயர் இழுப்பது, லக் அடிப்பது, பழைய மோட்டாரைக் கழற்றிப் புதியதை மாட்டுவது எல்லாம் சில மாதங்களில் கைக்கு வந்துவிடும். ஆனால் நைட் ஷிப்டில் மெஷின் நின்றுவிட்டது, சூப்பர்வைசர் பக்கத்திலேயே நிற்கிறார், பேனல் கதவைத் திறந்தால் உள்ளே நூறு ஒயர். அதில் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும். இந்தத் திறமையை எந்த வழி சீக்கிரமாகவும் சரியாகவும் கொடுக்கிறது என்பதை வைத்துத்தான் நான் மூன்றையும் எடைபோடுகிறேன்.

ஒரு ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை எடுத்துக்கொள்வோம். மோட்டாரை முதலில் ஸ்டார் இணைப்பில் குறைந்த கரண்டில் கிளப்பி, பிறகு டெல்டா இணைப்புக்கு மாற்றுவது இது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் மெயின் காண்டாக்டரும் ஸ்டார் காண்டாக்டரும் (காயிலுக்குக் கரண்ட் வந்தால் இழுத்து மூடும் ஸ்விட்சுகள்) இழுக்கின்றன, மோட்டார் ஓடத் தொடங்குகிறது. டைமர் நேரம் முடிந்து ஸ்டார் விடுகிறது. ஆனால் டெல்டா இழுக்கவில்லை. இது டைமர் காண்டாக்ட் கோளாறாக இருக்கலாம். ஸ்டாரும் டெல்டாவும் ஒரே நேரத்தில் இழுக்காமலிருக்க (இன்டர்லாக்) ஸ்டார் காண்டாக்டரில் வைத்திருக்கும் என்.சி. காண்டாக்ட், அதாவது சும்மா இருக்கும்போது மூடியிருக்கும் காண்டாக்ட், திரும்ப மூடாமல் இருக்கலாம். டெல்டா காயிலே போயிருக்கலாம். சர்க்யூட் டிராயிங் படிக்கத் தெரிந்தவன் மெயின் பவரை நிறுத்திவிட்டு, கன்ட்ரோல் சப்ளையை மட்டும் வைத்துக்கொண்டு, முதலில் டெல்டா காயிலின் இரு முனையில் மீட்டர் வைப்பான். கன்ட்ரோல் வோல்டேஜ் 230 முழுசாக வந்தும் இழுக்கவில்லை என்றால் காயில் போயிருக்கும், அல்லது காண்டாக்டர் சிக்கியிருக்கும். வோல்டேஜ் வரவில்லை என்றால் ஒவ்வொரு காண்டாக்டாகப் பின்னால் போவான். மூடியிருக்க வேண்டிய ஒரு காண்டாக்டின் இரு முனைக்கு நடுவே 230 காட்டினால் அந்தக் காண்டாக்ட் திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். மூடிய காண்டாக்டில் பூஜ்யத்துக்குப் பக்கமாகத்தான் காட்டும். பழுது அகப்பட்டுவிட்டது. இதே முறையை நூல் நூற்கும் ரிங் ஃபிரேமிலும் கம்ப்ரெஸரிலும் மில்லில் ஈரப்பதம் காக்கும் ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட் விசிறியிலும் போட்டுப் பார்க்கலாம். பேனல்தான் வேறு, யோசனை ஒன்றுதான்.

ஐ.டி.ஐ. இதை எப்படிக் கொடுக்கிறது என்றால், அங்கே மோட்டாருக்கு நேரடியாக முழு வோல்டேஜ் கொடுக்கும் டி.ஓ.எல். ஸ்டார்ட்டரையும் ஸ்டார்-டெல்டாவையும் ஃபார்வர்டு-ரிவர்ஸையும் நாமே பலகையில் ஒயரிங் செய்து ஓட்ட வேண்டும். எந்தக் காண்டாக்டை எதற்காகப் போட்டோம் என்பது கைவழியாக மனதில் ஏறிவிடுகிறது. எங்கள் இன்ஸ்ட்ரக்டர் நாங்கள் முடித்த சர்க்யூட்டில் ஒரு ஒயரைக் கழற்றிவிட்டு, இன்சுலேஷன் டேப்பால் ஒரு காண்டாக்டை மறைத்துவிட்டு, கண்டுபிடி என்பார். அந்தப் பயிற்சிக்கு ஈடாக நான் வேறெதையும் பார்த்ததில்லை. அப்புறம் அப்ரண்டிஸில் உண்மையான பேனல் முன்னால் நிற்கும்போது, டிராயிங்கில் இருக்கும் எண்ணும் ஒயர் முனையில் மாட்டியிருக்கும் ஃபெரூல் வளையத்தின் எண்ணும் பொருந்துகிறதா என்று பார்க்கப் பழகுகிறோம். பல மில்களில் பொருந்தாது. யாரோ எப்போதோ அவசரத்துக்கு மாற்றியிருப்பார்கள். அதையும் ஒரு சீனியர் பக்கத்தில் இருக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது.

ஹெல்ப்பர் வழியில் கை ஓடும், தைரியம் வரும். ஒரே மெஷினோடு பத்து வருஷம் பழகியவரின் காதுக்கு மோட்டார் சத்தமே போதும், சிங்கிள் ஃபேஸிங் (மூன்று ஃபேஸில் ஒன்று போய்விட்டது) என்று சொல்லிவிடுவார். அந்த அனுபவத்துக்கு நான் தலைவணங்குவேன். ஆனால் ‘ஏன்’ என்பது சொல்லித் தரப்படாமலேயே போய்விடுகிறது. மோட்டார் அளவுக்கு மீறிக் கரண்ட் எடுத்தால் அதை நிறுத்திவிடும் ஓவர்லோட் ரிலேயின் செட்டிங் இதற்கு நல்ல உதாரணம். 10 ஹெச்.பி. மோட்டார் 415 வோல்ட்டில் முழு லோடில் ஏறக்குறைய 14 ஆம்பியர் எடுக்கும், மோட்டாரில் ஒட்டியிருக்கும் நேம் பிளேட்டிலும் அதுதான் இருக்கும். ஸ்டார்-டெல்டாவில் ரிலே வழக்கமாக மெயின் காண்டாக்டருக்குக் கீழே, மோட்டார் வைண்டிங்கோடு (உள்ளே சுற்றிய கம்பியோடு) வரிசையில் வரும். டெல்டாவில் ஓடும்போது அந்த இடத்தில் போவது லைன் கரண்டில் 58 சதவீதம்தான், அதாவது லைன் கரண்டை மூன்றின் வர்க்கமூலத்தால் வகுத்த அளவு. ஆக, ரிலேயை 8 ஆம்பியரை ஒட்டி வைக்க வேண்டும். பிளேட்டைப் பார்த்து 14-இல் வைத்தால், லைனில் 24 ஆம்பியர் ஏறும்வரை ரிலே பேசாமல் இருக்கும், அதற்குள் வைண்டிங் கருகிவிடும். அடிக்கடி டிரிப் ஆகிறதே என்று செட்டிங்கை ஏற்றிவிடும் பழக்கம் இப்படித்தான் மோட்டாரைக் கொல்கிறது. அந்த வர்க்கமூலம் எங்கே வருகிறது என்று வகுப்பில் ஒருமுறை போட்டுப் பார்த்தவன் அந்தத் திருகாணியைத் தொடும் முன் யோசிப்பான்.

பாதுகாப்பிலும் இதே கதைதான். சப்ளையை நிறுத்தினால் போதாது, ஐசொலேட்டரை (சப்ளையைத் துண்டிக்கும் ஸ்விட்சை) பூட்டி, அட்டை மாட்டி, மீட்டரால் மூன்று ஃபேஸையும் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். பாக்கெட்டில் இருக்கும் டெஸ்டர் எரியவில்லை என்பதை நம்பிக் கை வைக்கக் கூடாது. இதை முதல் நாளே கண்டிப்போடு சொல்லித் தரும் ஆள் கான்ட்ராக்டரிடமும் கிடைக்கலாம், ஆனால் அது அவரவர் அதிர்ஷ்டம். ஹெல்ப்பராகப் போனவர்களுக்கு மின் கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு இருக்கிறது. அனுபவம் சேர்ந்ததும் அதை எழுதிவிட வேண்டும். சான்றிதழ் இல்லாமல் எத்தனை வருஷம் உழைத்தாலும் பெரிய கம்பெனிகளின் கேட்டைத் தாண்டுவது கஷ்டம்.

டிப்ளமோவைப் பற்றி நான் பேசுவது கூட வேலை பார்க்கிறவர்களைப் பார்த்துத்தான், நான் படித்ததில்லை. பவர் ஃபேக்டர், டிரான்ஸ்ஃபார்மர், பாதுகாப்பு ரிலே என்று வரும்போது அவர்கள் கணக்கு எங்களைவிடத் தெளிவு. பவர் ஃபேக்டரை உயர்த்தக் கெப்பாசிட்டர் பேங்க் எவ்வளவு போட வேண்டும் என்று காகிதத்தில் போட்டுக் காட்டுவார்கள். சூப்பர்வைசர், இன்ஜினியர் என்று மேலே போகவும் அந்தப் படிப்பு உதவும். சம்பளத்திலும் நாளடைவில் அவர்கள் கை ஓங்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் பேனல் முன்னால் தனியாக நிற்கும் தைரியம் பலருக்கு வேலைக்கு வந்த பிறகுதான் வருகிறது. பிள்ளைக்குக் கணக்கில் பிடிப்பு இருந்து, அடுத்து பி.இ. வரை போகும் எண்ணமும் இருந்தால் டிப்ளமோவே சரி. அதில் எனக்கு வாதம் இல்லை.

இன்னொன்றையும் இடையில் சொல்லிவிடுகிறேன். சில வாரங்களில் பி.எல்.சி. (மெஷினைப் புரோகிராம் வைத்து இயக்கும் சிறு கம்ப்யூட்டர்) கற்றுத் தருகிறோம் என்ற விளம்பரங்கள் நிறைய வருகின்றன. பி.எல்.சி. கட்டாயம் கற்க வேண்டியதுதான், ஆனால் வரிசையில் பின்னால். மெஷின் நின்றால் பி.எல்.சி.யின் இன்புட் விளக்கு எரிகிறதா என்று பார்ப்போம். எரியவில்லை என்றால் தேடல் சென்சர், ஒயர், லிமிட் ஸ்விட்ச் என்று பழைய பாடத்துக்கே திரும்பிவிடும். நான் பார்த்த கோளாறுகளில் புரோகிராமில் இருந்தது அபூர்வம்.

ஐ.டி.ஐ. என்றாலும் எல்லாம் ஒன்றல்ல. சேர்க்கும் முன் ஒர்க்‌ஷாப்பை நேரில் போய்ப் பாருங்கள். மோட்டார்களில் தூசி படிந்திருக்கிறதா, ஒயரிங் பலகையில் ஆணித் துளைகள் நிறைய இருக்கின்றனவா, இன்சுலேஷன் சோதிக்கும் மெக்கரும் கரண்ட் அளக்கும் க்ளாம்ப் மீட்டரும் மாணவர் கையில் இருக்கின்றனவா அலமாரிக்குள் பூட்டியிருக்கின்றனவா என்று கவனியுங்கள். இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவனிடம் போன வாரம் என்ன ஒயரிங் செய்தாய் என்று கேளுங்கள். சென்னை கிண்டியில் இருக்கும் நிமி (NIMI) நிறுவனம் ஐ.டி.ஐ.க்கான டிரேடு தியரி, டிரேடு பிராக்டிகல் புத்தகங்களை வெளியிடுகிறது. வகுப்பு சுமாராக இருந்தாலும் அவற்றை வைத்து நிறையச் சமாளிக்கலாம். 2 ஆண்டு முடித்த பிறகு டிப்ளமோ ஆசை வந்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி இருக்கிறது. என்னோடு படித்த சிலர் அப்படிப் போனார்கள். லேபில் மோட்டார் கனெக்ஷன் கொடுக்கச் சொன்னால் வகுப்பே தங்கள் பக்கம் திரும்பும் என்று சொல்வார்கள்.