ஹைட்ராலிக் போய்விட்டால் த்ராட்டில் யார் கையில்: பைலட்டா, கணினியா?

கடைசி வருட செமினாரில் எனக்கு வந்த கேள்வி இது. ஹைட்ராலிக் (திரவ) அழுத்தம் மொத்தமும் போய், அதனால் இயங்கும் பலகைகளான எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்குவது), எய்லரான் (பக்கவாட்டில் சாய்ப்பது), ரடர் (மூக்கை இடம் வலமாகத் திருப்புவது) எதுவும் அசையாத பெரிய பயணிகள் விமானத்தை எஞ்சின் விசையால் மட்டும் இறக்க வேண்டும். எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலான த்ராட்டிலை பைலட் கையாளட்டுமா, கணினியிடம் விடலாமா? நான் கணினி பக்கம் நின்றேன், இன்றும் அங்கேதான் நிற்கிறேன்.

கையால் ஓட்ட, கூடுதல் கருவி எதுவும் தேவையில்லை. இடது எஞ்சினுக்கு விசை கூட்டினால் விமானம் வலப்பக்கம் திரும்பும். எல்லாவற்றுக்கும் கூட்டினால் மேலேறும். 2003 நவம்பரில் பாக்தாத்தில் ஏவுகணை தாக்கிய டிஎச்எல் ஏ300 சரக்கு விமானத்தை அதிலிருந்த மூவரும் இப்படித்தான் இறக்கி உயிர் பிழைத்தார்கள். அபாரமான வேலை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: ஃபியூகாய்ட் என்ற அலைவு. மூக்கு தாழ்ந்தால் வேகம் கூடும். அதனால் தூக்குவிசை கூடி மூக்கு நிமிரும். வேகம் குறைந்து மறுபடி தாழும். அடக்க வேண்டுமானால், மூக்கு கவிழ்ந்து வேகம் ஏறும்போது விசையைக் கூட்ட வேண்டும், நிமிர்ந்து வேகம் விழும்போது குறைக்க வேண்டும். பழகிய கை நேர்மாறாகச் செய்யத்தான் துடிக்கும். போதாக்குறைக்கு, பெரிய டர்போஃபேன் எஞ்சின் த்ராட்டிலைத் தள்ளிய உடனே விசை தராது, சில நொடி தாமதமாகும். அதையும் கணக்கிட்டு முன்கூட்டியே தள்ள வேண்டும், கூடவே திசையையும் காக்க வேண்டும்.

1989 ஜூலை 19 அன்று யுனைடெட் 232 விமானத்தில் நடந்தது இந்தப் போராட்டம்தான். அந்த டிசி-10இன் வால் எஞ்சின் வெடித்து மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் போயின. கேப்டன் அல் ஹேன்ஸ் குழுவோடு, பயணியாக வந்த, விமானிகளுக்குப் பயிற்சி தரும் டென்னி ஃபிட்ச் த்ராட்டில்களைப் பிடித்து அமெரிக்காவின் சூ சிட்டி ஓடுபாதை வரை கொண்டுவந்தார். கடைசி நொடிகளில் மூக்கும் வலது இறக்கையும் தாழ்ந்தன. 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அப்புறம் சிமுலேட்டரில் முயன்ற பைலட்டுகளாலும் குறித்த இடத்தில், குறித்த வேகத்தில் நம்பகமாக இறக்க முடியவில்லை.

கணினியே எஞ்சின் விசையால் விமானத்தை ஓட்டும் நாசாவின் பிசிஏ (Propulsion Controlled Aircraft) முறையில் பைலட் ஆட்டோபைலட் குமிழ்களில் திசையையும் இறங்கு கோணத்தையும் வைத்தால் போதும். அலைவு பெரிதாகும் முன்பே கணினி எஞ்சின் விசையைச் சிறிது சிறிதாக மாற்றி அடக்கிவிடும். 1995 ஆகஸ்ட் 29 அன்று எட்வர்ட்ஸ் விமானப்படைத் தளத்தில் நாசா விமானி கார்டன் ஃபுல்லர்டன் இப்படி ஒரு எம்டி-11ஐத் தரையிறக்கினார். அது டிசி-10இன் வழிவந்த விமானம் என்பதால் இந்த ஒப்பீட்டுக்கு நல்ல பொருத்தம்.

சரி, குறைகளும் உண்டு. விசையைக் கூட்டினால் ஏற்றம் மாறுமே தவிர வேகம் பெரிதாக மாறாது. அதனால் அதிவேகத்தில்தான் இறங்க வேண்டியிருக்கும். 1985இல் வாலின் செங்குத்துப் பகுதியையே இழந்த ஜப்பான் ஏர்லைன்ஸ் 123ஐ இது காப்பாற்றியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். கைமுறையை நான் முயன்றதும் வீட்டு சிமுலேட்டரில் மட்டும்தான். நிஜ விமானத்தின் அதிர்வையும் பயத்தையும் அது காட்டாது.

விமான உலகம் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழியை. டிசி-10க்கு ஹைட்ராலிக் திரவம் முழுதும் வடிந்துபோகாதபடி தடுப்பு வால்வு வந்தது. ஏ380இல் அந்தப் பலகைகளை அசைக்க, மின்சாரத்தால் இயங்கும் ஆக்சுவேட்டர்கள் (இயக்கிகள்) துணை நிற்கின்றன. புதிய விமானத்துக்கு அது சரியான வழி. ஆனால் ஹைட்ராலிக்கை மட்டும் நம்பிப் பறக்கும் பழைய விமானத்தில் எஞ்சின் கட்டுப்பாடு ஏற்கெனவே கணினிமயமாகியிருந்தால், பிசிஏ பெரும்பாலும் மென்பொருள் வேலைதான். அங்கே அதைச் சேர்த்திருக்க வேண்டும் என்பதே என் பரிந்துரை.